லல்லா சால்ஹாவின் கேள்விக்கு எங்கள் விடை

கஃப்ஸா தென்னக மருந்து வழங்கு கிடங்கில் முப்பத்தொரு ஆண்டுகள் பணியாற்றி, இருப்புத் திட்ட அலுவலராக இன்று ஓய்வு பெறும் எங்கள் 'லல்லா', சால்ஹா ரெமீலி அம்மையார் அவர்களுக்கு உடன் பணிபுரிந்தோர் வாசித்தளிக்கும் பாராட்டு மடல்

கையிருப்பைக் கண்ணெனக் காத்தவரே! தட்டுப்பாடு வருமுன் அதன் தடம் கண்டவரே! அனல் பறக்கும் வழியிலும் குளிர் குன்றாமல் மருந்தைக் கொண்டுசேர்த்தவரே! எங்கள் அன்புக்கும் அச்சத்துக்கும் ஒருங்கே உரியவரே! வணக்கம்.

இப்படித் தொடங்குவதுதான் முறை. இதன்பின் நற்பண்புகளை அடுக்கி, பணியாண்டுகளைப் போற்றி, நலவாழ்வு வேண்டி முடிப்பதும் முறை. அப்படி ஒரு மடல் ஆயத்தமாகவே இருந்தது. சென்ற வாரம் அதைக் கேள்விப்பட்டு நீங்கள் பொதியறைக்கு வந்தீர்கள்.

"பாராட்டெல்லாம் எழுதுறீங்களாமே?"

"வழக்கம்தானே லல்லா," என்றார் போக்குவரத்துப் பிரிவின் மூத்தவர் சி லமீன்.

"அந்தக் கோடையை விட்டுட்டு எழுதினா நான் பாதியில எழுந்து போயிடுவேன். அதைச் சேத்து எழுதினா பாராட்டு வராது. அஞ்சு வருசம் முன்னால உங்ககிட்ட ஒண்ணு கேட்டேன். பதில் இருந்தா அதை வாசிங்க. இல்லேன்னா ஆளுக்கொரு மக்ரூத் இனிப்பைத் தின்னுட்டு, கையைத் துடைச்சுட்டுக் கிளம்புவோம்."

சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். எழுதியிருந்ததைக் கிழித்துவிட்டோம்.

அவையில் புதியவர்கள் இருப்பதால் அந்தக் கேள்வியை இங்கேயே சொல்லிவிடுகிறோம். ஐந்து ஆண்டுகளுக்கு முன் ஒரு ஜூன் மாதக் காலையில், தேள்கடி மருந்தில் எஞ்சியிருந்த பெட்டிகள் அனைத்தையும் நீங்கள் அய்ன் ஸ்பீதா பாலைச்சோலைக்கு அனுப்பினீர்கள். அதே காலையில் உங்கள் தம்பி தாவூ அவர்களையும் தேள் கொட்டியது. அவர் இறந்தார். "நான் அனுப்பினது சரியா?" என்று நீங்கள் கேட்டீர்கள். நாங்கள் பேசவில்லை.

இதை எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. மாலை வகுப்பில் வழங்கல் சங்கிலி மேலாண்மை படிக்கிறேன், நாள்தோறும் நாலு வரி எழுதிவைக்கிறேன் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி இல்லை. அந்தக் கோடைக்குப் பிறகே பணியில் சேர்ந்தேன். ஆகவே ஒவ்வொருவரிடமும் தனித்தனியே கேட்டு, ஒருவர் சொன்னதை மற்றவரிடம் சரிபார்த்து எழுதியிருக்கிறேன். பிழை இருந்தால் அது என்னுடையது. 'நாங்கள்' என்று வரும் இடமெல்லாம் எல்லோருடையது.

சொல்லுக்கெல்லாம் உயிர் தந்தவரே!

எங்கள் தொழிலுக்கென்று சில சொற்கள் உண்டு. வகுப்பில் அவற்றை வரையறையோடு மனப்பாடம் செய்கிறோம். கணக்கிட்ட தேவைக்கு மேல், எதிர்பாராததற்கென ஒதுக்கிவைக்கும் சரக்கு காப்பிருப்பு எனப்படும். உங்கள் வாயில் அது 'விருந்தாளி பங்கு'. வீட்டுக்காரருக்கே பசித்தாலும் அதில் கைவைக்கக் கூடாது. சொல்லாமல் வருகிறவருக்கு அது. முந்தி வந்த சரக்கு முந்திப் போகவேண்டும் என்பது இன்னொரு பாடம். குளிரறையின் ஹயாத், வேலைக்கு வந்த புதிதில், பளபளவென்று இருந்த புதுப் பெட்டிகளை முன்வரிசையில் அடுக்கிவைத்தாராம். "அழகா இருக்கறதெல்லாம் பின்னால போகட்டும். இங்க யாரும் பொண்ணு பாக்க வரல," என்றீர்களாம். இன்றும் ஹயாத் ஒரு பெட்டியைப் பின்னால் தள்ளும்போது அதைச் சொல்லிக்கொண்டுதான் தள்ளுகிறார்.

'முழு அனுப்புகை' என்பது உங்கள் பிடிவாதம். ஒரு மருத்துவமனை பத்துக் கேட்டால், ஏழு மட்டும் அனுப்பி 'மீதி பின்னர்' என்று எழுத நீங்கள் விட்டதில்லை. "ஏழு அனுப்பிட்டு அனுப்பியாச்சுன்னு சொன்னா அது முக்கால் பொய். இல்லேன்னா இல்லேன்னு முன்னாலயே சொல்லு. அவன் வேற கதவைத் தட்டட்டும்."

எல்லாவற்றுக்கும் மேலாக 'வழிச்சரக்கு'. அனுப்பியவரிடமிருந்து கிளம்பி, பெறுபவரை இன்னும் அடையாத சரக்கு என்பது வரையறை. பல கிடங்குகளில் அதையும் இருப்போடு கூட்டிக்கொள்கிறார்கள். உங்களிடம் அது நடக்காது.

"லாரி கிளம்பிடுச்சு லல்லா."

"கிளம்பினது தெரியும். வந்துச்சா?"

"வழியில இருக்கு."

"வழியில இருக்கிறது கையில இல்ல."

இதை எத்தனை முறை சொன்னீர்கள் என்று யாருக்கும் தெரியாது. ஓட்டுநர் க்மாய்ஸ் ஒருமுறை வீட்டுக்குப் போன் போட்டு, இதோ வந்துகொண்டே இருக்கிறேன் என்றாராம். "வழியில இருக்கிறது கையில இல்ல. நாங்க சாப்பிடறோம்," என்று மனைவி வைத்துவிட்டாராம். பாடம் அந்த வீடு வரை பரவியிருந்தது.

துயரத்தைத் தோளில் சுமந்தவரே!

அந்த ஆண்டு ஷெஹிலி என்னும் பாலை அனல்காற்று மே மாதமே இறங்கிவிட்டது. மண் சுட்டதும் தேள்கள் வெளியே வந்தன. ஒரு மாதத்துக்கென அனுப்பிய மருந்தை ஊர் மருத்துவமனைகள் ஒரு வாரத்தில் தீர்த்தன. தலைநகரிலிருந்து புதுச் சரக்கு வரவேண்டும். எங்கள் குளிர்வண்டியோ எஞ்சின் பழுதாகிப் பட்டறையில் கிடந்தது. சி லமீன் ஸ்ஃபாக்ஸிலிருந்து ஒரு குளிர்வண்டியை வாடகைக்கு அமர்த்தினார். அந்த ஜூன் நாளன்று விடியுமுன் அது தலைநகரில் மருந்தை ஏற்றிக்கொண்டு புறப்பட்டது. காலை எட்டு மணியளவில், இன்னும் ஒரு மணி நேரத்தில் வந்துவிடும் என்பது கணக்கு.

அப்போது அய்ன் ஸ்பீதா மருத்துவர் அழைத்தார். அங்கே ஒரு திருமண வீடு. விருந்தினர் எல்லோரும் முற்றத்தில் பாய் விரித்துப் படுத்திருக்கிறார்கள். நான்கு குழந்தைகளைத் தேள் கொட்டியிருக்கிறது. குழந்தைக்கு ஒன்றாக நான்கு பெட்டி வேண்டும் என்றார். விருந்தாளி பங்கில் இருந்ததே நான்கு பெட்டிதான். நீங்கள் குளிரறையைத் திறந்தீர்கள். க்மாய்ஸ் ஜீப்பைக் கிளப்பினார்.

வாசல் கதவு திறக்கும்போது அடுத்த அழைப்பு வந்தது. உங்கள் தம்பி மனைவி ம்பார்க்கா. தண்ணீர் முறைக்காக விடிகாலையில் வெறுங்காலோடு தோட்டத்தில் இறங்கிய தாவூவைத் தேள் கொட்டிவிட்டது. ஏற்கெனவே பலவீனமான இதயம். நகர மருத்துவமனையில் மருந்து தீர்ந்துவிட்டது.

நீங்கள் போனை வைத்துவிட்டுச் செய்தியைச் சொன்னீர்கள். அதன்பின் நடந்த பேச்சை க்மாய்ஸும் ஹயாத்தும் தனித்தனியே சொன்னார்கள். ஒரு சொல்லும் மாறவில்லை.

"ஒரு பெட்டியை இறக்கிக்கோங்க லல்லா. மூணை வச்சு டாக்டர் சமாளிச்சுக்குவாரு."

"அவர் கேட்டது நாலு."

"லல்லா, அவன் உங்க தம்பி."

"லாரி வழியில இருக்கு. ஒரு மணி நேரம்தான். அவன் தாங்குவான். இவங்களுக்கு மூணு மணி நேரப் பாதை. நீ நிக்காதே, போ."

க்மாய்ஸ் போனார்.

லாரி வரவில்லை. நகருக்கு வெளியே பாஸ்பேட் ரயில் பாதை சாலையைக் கடக்கும் மேட்டில், வேலை கேட்டு மறியல் செய்த இளைஞர்கள் கூடாரம் போட்டிருந்தார்கள். அது நமக்குப் புதிதல்ல. அவர்களும் நம் பிள்ளைகள். நம் வெள்ளை வண்டியைக் கண்டால் குறுக்கே கட்டிய கயிற்றை அவிழ்த்துவிடுவார்கள். ஆனால் அன்று வந்தது நம் வண்டி அல்ல. அதன் இரு பக்கமும் பெரிய நீல மீன் வரைந்திருந்தது. ஓட்டுநர் கடற்கரைக்காரர்; பேச்சும் வேறு மாதிரி இருந்தது.

"தேள்கடி மருந்துங்க. அவசரம்."

"யாருக்கு, உள்ள இருக்கற மீனுக்கா? அதைத் தேள் கொட்டிடுச்சா?"

ஓட்டுநர் காகிதத்தைக் காட்டினார். அவர்கள் நம்பவில்லை. "போன வாரம் ஒருத்தன் ஆஸ்பத்திரிச் சாமான்னு சொல்லி சிமெண்டு கொண்டு போனான். அவன்கிட்டயும் காகிதம் இருந்துச்சு. பின்கதவைத் திற, பாக்கறோம்."

அவர் திறக்கவில்லை. கிடங்கு வாசல் வரை குளிர்க்கதவைத் திறக்கவே கூடாது என்பது நீங்கள் இட்ட கட்டளை. திறந்தால் அந்த வெயிலில் குளிர்ச்சங்கிலி அறுந்துவிடும்.

"திறக்க மாட்டேங்கறான் பாத்தியா? அப்ப மீன்தான். உக்காருங்க மாமா, டீ குடிங்க. சாயங்காலம் வரைக்கும் மீன் தாங்குதான்னு பாப்போம்."

அவருக்கு உண்மையாகவே டீ கொடுத்தார்கள். அந்த மேட்டில் போனுக்குச் சிக்னல் இல்லை. யாரும் கொடியவர்கள் இல்லை. அந்த இளைஞர்கள் மறுநாள் அடக்கத்துக்கு வந்து கடைசி வரிசையில் நின்றார்கள். தங்கள் பெயரைக்கூட ஒருவரிடமும் சொல்லவில்லை.

தாவூ நடுப்பகல் தொழுகைக்குச் சற்று முன் இறந்தார்.

அம்மையீர், இதற்கு அடுத்ததை எழுதலாமா என்று பல நாள் தயங்கினேன். எழுதச் சொன்னவர் க்மாய்ஸ்.

அய்ன் ஸ்பீதாவில் மூன்று குழந்தைகள் பிழைத்தன. நான்காவது, எல்லோரிலும் சிறியவள், ஜீப் போய்ச் சேருமுன்பே இறந்திருந்தாள். அவளுக்கென்று போன பெட்டி திறக்கப்படவே இல்லை. ஒழுங்கு தவறாத அந்த மருத்துவர், அந்தப் பெட்டி வேறு யாருக்காவது உதவட்டும் என்று திருப்பித் தந்துவிட்டார். க்மாய்ஸ் அதோடு முற்றத்துக்கு வந்து, எஞ்சினை அணைத்துவிட்டு, இறங்காமல் உட்கார்ந்திருந்தார். அதற்குள் அந்த மேட்டைக் கடந்த தெரிந்தவர் ஒருவர் விவரம் சொல்ல, இளைஞர்கள் மீன் வண்டியை விட்டிருந்தார்கள். அதைப் பெற்றுக்கொண்டு மருத்துவமனைகளுக்குப் பிரித்தனுப்ப உங்கள் கையெழுத்து வேண்டும். நீங்கள் தம்பியின் உடல் கிடந்த மருத்துவமனையிலிருந்து நேராகக் கிடங்குக்கு வந்தீர்கள். முற்றத்தில் ஜீப் நின்றது.

"எறங்கு. என்ன திரும்பி வந்திருக்கு?"

"ஒரு பெட்டி, லல்லா."

குளிர்ப்பெட்டியின் மூடியைத் திறந்து வெப்பமானியைப் பார்த்தீர்கள். "குளிர் விடல," என்று ஹயாத்திடம் சொன்னீர்கள். "பழைய இடத்துலயே வை." பின்னர் மீன் வண்டியிலிருந்து இறங்கியதைச் சரிபார்த்து, எந்தெந்த ஊருக்கு எவ்வளவு என்று முடிவுசெய்து, எல்லா வண்டிகளையும் அனுப்பிவிட்டு, அதன்பிறகே தம்பி வீட்டுக்குப் போனீர்கள்.

வகுப்பில் 'திரும்புசரக்கு' என்று ஒரு பாடம் உண்டு. உடைந்தது, காலாவதியானது, தவறாக அனுப்பியது, மிகையாக அனுப்பியது என்று அதன் வகைகளைச் சொல்லித்தருவார்கள். அந்தப் பெட்டி எந்த வகை என்று நான் தேடிப்பார்த்தேன். இல்லை.

விடை வேண்டிக் காத்திருந்தவரே!

வியாழன்தோறும் நாம் டீயோடு கூடி அந்த வாரத் தட்டுப்பாடுகளை உரக்க வாசிப்பது வழக்கம். அடுத்த வியாழன் நீங்கள் வந்து, வாசித்து முடித்து, அந்தக் கேள்வியைக் கேட்டீர்கள். சி லமீன் எழுந்து டீ போடப் போனார். அடுப்பில் ஏற்கெனவே டீ கொதித்துக்கொண்டிருந்தது. அந்த வாரத்துக்குப் பின் எங்களில் ஒவ்வொருவரும் ஏதேனும் ஒரு சமயத்தில், "உங்க மேல தப்பே இல்ல லல்லா" என்று சொல்லியிருக்கிறோம். நீங்கள் ஒருமுறையும் தலையசைத்ததில்லை.

இம்முறை உண்மையிலேயே விடை தேடினோம். "மீன் வண்டியைப் பிடிச்சது நான். ரெண்டு பக்கமும் வெள்ளைத் துணியைக் கட்டச் சொல்லியிருந்தா முடிஞ்சுபோயிருக்கும்," என்றார் சி லமீன். "ஒரு பெட்டியை என் சீட்டுக்கடியில தள்ளிடலாம்னு நினைச்சேன். அவங்க என்னையே பாத்துக்கிட்டு நின்னாங்க," என்றார் க்மாய்ஸ். "விதிப்படி சரி. மனசுக்கு என்னன்னு என்கிட்ட கேக்காதே," என்றார் ஹயாத். நான் பெயர்களை மறைத்து, அந்தக் காலையை ஒரு பயிற்சிக் கணக்காக வகுப்பில் எழுதிக் கொடுத்தேன். தொலைவு, நேரம், எண்ணிக்கை எல்லாவற்றையும் வைத்து, அனுப்புவதே சரி என்று வந்தது. ஆசிரியர் முழு மதிப்பெண் போட்டார். அந்த மதிப்பெண்ணை உங்கள் முன் எப்படி வாசிப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

கடைசியாக, தாவூ அவர்களின் பெயரை இந்த மடலில் எழுத அனுமதி கேட்டு ம்பார்க்கா அம்மையார் வீட்டுக்குப் போனேன். முற்றத்தில் பேரீச்சங்குலைகளைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"கிடங்குக்காரனா? உக்காரு. கையைச் சும்மா வச்சுக்காதே, அந்தக் குலையைப் பிரி. அவ உங்ககிட்டயா கேட்டா?"

"ஆமாம்மா. அஞ்சு வருசம் ஆச்சு."

"உங்களுக்கு என்ன தெரியும்? செத்தது என் புருசன். என்கிட்ட கேக்கல. இந்தத் தெருவுக்குள்ளயே வர்றதில்ல. ரொட்டிக் கடைக்கு மசூதியைச் சுத்திக்கிட்டுப் போறா. எனக்குத் தெரியாதுன்னு நினைப்பு."

நான் அடுத்த குலையை எடுத்தேன். அவர் ஒரு சொத்தைப் பழத்தைப் பொறுக்கி வீசினார்.

"அன்னிக்கு அந்த வாசல்ல நான் நின்னிருந்தா ஜீப்பை மறிச்சிருப்பேன். ஒரு பெட்டி இல்ல, நாலையும் இறக்கியிருப்பேன். யார் புள்ளைங்கன்னு கேட்டிருக்க மாட்டேன். அதனாலதான் சாவி என்கிட்ட இல்ல, அவகிட்ட இருந்துச்சு. சரியா? இதை எழுதிக்கோ. அனுப்பினது சரி."

எழுதிக்கொண்டேன்.

"நிறுத்தாதே, இன்னும் இருக்கு. எண்ணினது தப்பு. வழியில இருக்கிறது கையில இல்லன்னு இந்த வீட்டுல சாப்பிடும்போதெல்லாம் சொல்லுவா, எனக்கே மனப்பாடம். அன்னிக்கு வேற யார் வீட்டு ஆளா இருந்தாலும் அந்த லாரியை நம்பியிருப்பாளா? தோஸர் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டிருப்பா, கெபிலிக்குப் போட்டிருப்பா, மிலிட்டரி ஆஸ்பத்திரிக் கதவை இடிச்சிருப்பா. தம்பின்னதும் ஒரு மணி நேரம் தாங்குவான்னுட்டா. சொந்தக்காரனைக் கடைசில நிறுத்தறது நியாயம்னு நினைச்சா. நிறுத்தட்டும். வரிசையை விட்டே தள்ளிட்டாளே."

"இதை அப்படியே வாசிக்கலாமா அம்மா? எழுந்து போயிடுவாங்களோன்னு பயமா இருக்கு."

"போக மாட்டா. எல்லாரும் தப்பில்ல, தப்பில்லன்னு சொல்லிச் சொல்லியே அவளை இந்தப் பக்கம் வர விடாம பண்ணிட்டீங்க. தப்பு பண்ணலேன்னா அவ எதுக்காக என் வீட்டுக்கு வந்து அழணும்? வாசி."

அம்மையீர், இருநாள் கூடிப் பேசினோம். ம்பார்க்கா அம்மையார் சொன்னதில் கூட்டவோ குறைக்கவோ எங்களால் ஆகவில்லை. எனவே கிடங்கின் விடையும் அதுவே. அனுப்பியது சரி. எண்ணியது தவறு. அந்தத் தவறில் வண்டி பிடித்தவர், மேற்கொண்டு வாதாடாமல் ஜீப்பை ஓட்டியவர், உடன் நின்றும் வேறொரு மருத்துவமனையை அழைக்கத் தோன்றாதவர் எல்லோருக்கும் பங்கு உண்டு. அதைக் கழித்தபின் உங்களுக்கென்று ஒரு பங்கு மிஞ்சத்தான் செய்கிறது. இல்லை என்று இனிச் சொல்ல மாட்டோம். முப்பத்தொரு ஆண்டுகளில் நீங்கள் எங்களிடம் எதையும் குறைத்துச் சொன்னதில்லை. உங்களிடம் நாங்கள் குறைத்துச் சொல்லி உங்களை அனுப்புவது முறையல்ல.

நான் கிளம்பும்போது ம்பார்க்கா அம்மையார் மடியிலிருந்த தூசியைத் தட்டிவிட்டு எழுந்தார். அவர் கடைசியாகச் சொன்னதையும் வாசிக்கச் சொன்னார்.

"வெள்ளிக்கிழமை குஸ்குஸ் பண்ணுவேன்னு சொல்லு. வரட்டும். நல்லா அழட்டும். நானும் விட மாட்டேன், கேக்க வேண்டியதையெல்லாம் கேப்பேன். அவரைப் பத்திச் சண்டை போட எனக்கு மட்டும் வேற யாரு இருக்கா?"

நாளை வெள்ளிக்கிழமை. ஐந்து ஆண்டு தேங்கிய அந்தச் சண்டை ஒரு வெள்ளிக்கிழமையில் தீராது. ஆகவே அம்மையீர், நீங்கள் உடல்நலத்தோடு நெடுங்காலம் வாழவேண்டும். ம்பார்க்கா அம்மையாரும் வாழவேண்டும்.

என்றும் உங்கள்,
பொதியறை, குளிரறை, போக்குவரத்து, பதிவுப் பிரிவுப் பணியாளர்கள்
தென்னக மருந்து வழங்கு கிடங்கு, கஃப்ஸா